நாப்பதுக்கு மேல போகாத

"மெழுகு பூசினியா?"

"பூசின வாப்பா."

"தொடச்சியா?"

"இல்ல வாப்பா."

"தொடக்காத! தொடச்சா ஒன்னைய நான் தொடச்சிருவன்."

கண்டிக்குக் கிட்ட கட்டுகஸ்தோட்டையில் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கிடந்த பாரூக்கின் குரல், புத்தளத்தில் சாச்சாவின் முற்றத்தில் இருந்த காகங்களையெல்லாம் கலைத்தது. மொரிஸ் மைனர் காரின் மூக்குக்கு மேல் குனிந்திருந்த ரஸீன், போன் வழியாக வாப்பா தன்னைப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தவன்போல் மெழுகுத் துணியைக் கீழே வைத்தான். கரும்பச்சை பொனட் முழுவதும் மெழுகு வெள்ளையாகக் காய்ந்து, மாவு பூசிய பலகைபோல் கிடந்தது.

"அப்பிடியே ஈக்கட்டும். கல்லு வந்தாலும் மெழுகுல வழுக்கிப் போகும். ஆனா ஒண்டு, நாளைக்கிப் பின்னேரம் அஸருக்கு முன்ன தொடச்சிரணும். அதுக்குப் பிறகு வெச்சா கல்லாகிரும்." பாரூக் மூச்சு வாங்கினார். "ஒங்கட சாச்சிட கையில போர்வை ஒண்டு ஈக்கும். அத உள்ளுக்குக் கொண்டு போகச் சொல்லு."

கையில் போர்வையுடன் நின்ற சாச்சி வெலவெலத்துப்போய் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"துணி போட்டா காத்துக்கு ஆடும். துணிக்குக் கீழ மண் பூரும். கண்டி மட்டும் மண்ணால தேச்சுக்கொண்டு வந்த மாதிரி ஈக்கும். விளங்கினா?"

"விளங்கின வாப்பா."

"நாப்பதுக்கு மேல போகாத."

பாரூக் ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர். கண்டி ஹோட்டல்காரர்கள் அவர் வருகிறார் என்றால் ஈக்களைக்கூடக் குளிப்பாட்டி வைப்பார்கள். அந்தக் கண்டிப்பு முழுவதும் ஓய்வுக்குப் பிறகு இந்தக் காரின் மேல் இறங்கியது. பொனட்டில் உட்கார வந்த ஈ வழுக்கி விழுந்து கால் முறிந்த கதையை ஊரே நம்பியது. மூன்று பெருநாளுக்கு ஒருதரம்தான் உம்மா கைரியாவுக்கு அதன் கதவைத் தன் கையால் திறக்க அனுமதி. தம்பியைப் பார்க்கப் பாரூக் புத்தளம் போனபோது கார் எஞ்சின் நின்றது; மறுவாரமே அவருடைய நெஞ்சும் மக்கர் பண்ணியது. அவரை அம்புலன்ஸில் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். கார் அங்கேயே நின்றுவிட்டது.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பாரூக் கேட்டது ஒன்றுதான். "காரக் கொண்டு வா. கீறல் இல்லாம. பாத்துட்டுப் போறன்." பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் சொல்வதுபோல் சொன்னார்.

காரை ஏற்றிவரும் கெரியர் லொறி அந்த வாரம் கிடைக்கவில்லை. ரஸீனின் கூட்டாளி தாஸிம் தன் டபுள் கெப் வாகனத்தைக் கொண்டுவந்தான். அதன் பின்னால் காரை இழுக்க ஓர் இரும்புத் தண்டு. தண்டின் முனையில் காரில் உரசாமல் சைக்கிள் டியூப் சுற்று. கெப்பின் பின்பக்கம் தரையைத் தொடும் அளவுக்குப் பழைய லொறி றப்பர் ஒன்றைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள், டயர் கிளப்பும் கல் பின்னால் வரும் காரின் மூக்கில் படாமல். எல்லாம் பாரூக்கின் உத்தரவு.

தாஸிம் முன்னால் இழுக்க, ரஸீன் வாப்பாவின் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். நாற்பதுக்கு மேல் ஒரு மயிரிழை போகவில்லை. தேங்காய் ஏற்றிய சைக்கிள் முந்தியது. லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் முந்தியது. நிக்கவெரட்டிக்குக் கிட்ட ஓர் ஆமை பொறுமையிழந்து ஹோர்ன் அடித்திருந்தாலும் ரஸீன் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டான்.

குருநாகலைத் தாண்டியதும் தங்கச்சி அபீபா போன் எடுத்தாள்.

"நானா, எங்க ஈக்கிறீங்க?"

"குருநாகல் தாண்டிட்டம். ஏன்?"

"வாப்பாக்குக் கண்ணு தெரியல்லையாம். கையும் காலும் குளுந்து வருது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தலமாட்டுல யாஸீன் சூரா ஓத ஆள் வந்தீக்கி. கெதியா வாங்க நானா."

போனில் அவளுக்குப் பின்னால் ஒரு முனகல். போன் கைமாறியது.

"ரஸீன்."

"வாப்பா."

"நாப்பது."

அவ்வளவுதான். ரஸீன் போனை மடியில் வைத்தான். கொஞ்ச தூரம் நாற்பதிலேயே போனார்கள்.

கலகெதரவுக்குக் கிட்ட பாதை அகலமாக்கும் வேலை. தார் கிண்டி, புதுச் சல்லிக்கல் கொட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறம். தாஸிம் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தான்.

"மச்சான், இதுல காருக்குச் சேதமில்லாமப் போறதெண்டா நடந்து போற மாதிரித்தான். மஹ்ரிப் ஆகி இருட்டிரும்."

ரஸீன் கண்ணாடிக்கு அப்பால் மெழுகு பூசிய பொனட்டைப் பார்த்தான்.

"அமத்து."

"என்னத்தடா அமத்துற? ஸ்பீடாப் போனா ஒங்கட வாப்பா என்னையக் கொன்னு போடுவாரு!"

"கொல்றதுக்கு அவரு ஈக்கணுமே."

தாஸிம் திரும்பிப் போய் ஏறினான்.

முதல் வளைவிலேயே றப்பர் திரை கிழிந்து பறந்தது. பிறகு சல்லி வந்தது. ஒவ்வொரு கல்லும் தனக்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வந்தது. டிக். டிக். மெழுகு எதையும் வழுக்கவைக்கவில்லை. முதல் கல்லுக்கு ரஸீன் தலையைக் குனிந்தான். இரண்டாவதுக்குக் கண்ணை மூடினான். அதன் பிறகு எதற்கும் அசையாமல், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், நேரே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மட்டும் "இன்னும், இன்னும்" என்று தாஸிமுக்குக் கேட்காமல் முணுமுணுத்தது.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. அயல்வீட்டார் காரைத் தள்ளி, பாரூக் படுத்திருந்த அறை ஜன்னலுக்குக் கீழே பொனட் கைக்கெட்டும்படி பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தினார்கள். உம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். காரின் மூக்கில் வெள்ளை மெழுகுக்கு நடுவே சாம்பல் புள்ளிகள், வைசூரி வந்த முகம்போல். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே," என்றாள், மெதுவாக. "கல்லு படாத எடத்தத் தொட வைங்க."

தலையணைகளை அடுக்கித் தூக்கிப் பிடித்தார்கள். அபீபா வாப்பாவின் கையை ஜன்னல் கம்பிகளுக்கு இடையால் நீட்டி, பொனட்டின் மேல்பக்கம், கண்ணாடிக்குக் கிட்ட வைத்தாள். அங்கே ஒரு கீறலும் இல்லை. ரஸீன் வெளியே, காருக்குப் பக்கத்தில், மூச்சு வாங்க நின்றான்.

விரல்கள் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மெழுகில் கோடு கிழித்துக்கொண்டு கீழே இறங்கின. "அங்க வேணாம் வாப்பா," என்று அபீபா இழுத்தாள். எழுபத்தெட்டு வயதுக் கைக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. அது நேராக மூக்குக்குப் போனது. ஒரு புள்ளியில் நின்றது. இன்னொன்றில். நகத்தால் தடவிப் பார்த்தது.

யாஸீன் ஓதியவர்கூட ஒரு நொடி நிறுத்தினார்.

"எத்தனையில வந்த?"

"நாப்பதுல வாப்பா."

பாரூக்கின் உதட்டோரம் இழுபட்டது.

"நாப்பதுல வார கல்லு... ஸலாம் சொல்லிட்டுப் போகும். குத்தாது."

ரஸீன் ஜன்னலுக்கு இன்னும் கிட்ட வந்தான்.

"எந்த எடத்துல அமத்தின?"

"கலகெதரயில."

"ம்." விரல்கள் அதே புள்ளியில் இருந்தன. பிறகு உள்ளங்கை விரிந்து, பொனட்டில் முழுதாகப் படிந்தது, குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல். "நல்லாத்தான் வந்தீக்கி."

அந்தக் கையை யாரும் உள்ளே எடுக்கவில்லை. உம்மா கரண்டியால் மக்கத்து ஸம்ஸம் தண்ணீர் ஊற்றினாள். கடைவாயால் வழிந்தது. யாஸீன் முடிவதற்குள் அபீபா "வாப்பா" என்று கூப்பிட்டாள், பதிலை எதிர்பார்க்காத குரலில்.

மறுநாள் காலையில் ரஸீனும் இன்னும் இரண்டு பேரும் மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். கஃபன் துணி சுற்றினார்கள். சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டும்போது காரை உரசாமல் எல்லோரும் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். அவருக்குப் பயந்து இன்றும். கபுறடியில் ரஸீன் மூன்று பிடி மண் போட்டான். கையைத் தட்டிவிட்டான்.

வீடு திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கதிரைகள் வாசலில் இருந்தன. தாஸிம் காருக்குப் பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பச்சைப் பெயின்ட் குப்பி ஒண்டு வாப்பாட அலுமாரியில ஈக்குமே. நான் பொட்டு வெச்சித் தாறன் மச்சான். ஒண்டும் வெளங்காது."

"வேணாம்."

அபீபா வெளியே வந்தாள். வாப்பாவின் மஞ்சள் துணி, தண்ணீரில் அலசிக் காயவைத்தது, அவள் கையில் இருந்தது.

"அஸராகப் போகுது நானா."

ரஸீன் வாங்கிக்கொண்டான். மட்கார்டில் தொடங்கினான். வட்டமாக, அமத்தாமல், அவர் காட்டிக்கொடுத்த விதமாக. வெள்ளை அகன்று பச்சை வந்தது. பச்சையில் வானம் வந்தது, கதிரைகள் வந்தன, தன்னுடைய முகமும் கொஞ்சம் வந்தது. கண்ணாடிக்குக் கீழிருந்து விரல் கோடுகள் இறங்கிய பாதை வரைக்கும் துடைத்தான். சாம்பல் புள்ளிகளைச் சுற்றித் துடைத்தான்.

ஜன்னலுக்குக் கீழே, மூக்கில், வாப்பாவின் உள்ளங்கை பதிந்த இடத்தில், ஒரு கையளவு மெழுகு மட்டும் மிச்சம் இருந்தது.

அதைச் சுற்றி இன்னொரு தரம் துடைத்தான். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னது. ரஸீன் துணியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.