சரியாக இருந்த சக்கரம்

எனக்கு மூக்கின் மேல் கோபம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அது இரண்டு மடங்காகும். அன்று பின் இருக்கையில் அக்கா இருந்ததால் அடக்கி வாசித்தேன். நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்த மகன் அவள் மடியில் தூங்கினான். ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற குறைமாதப் பிள்ளை. அவனைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும்.

ஒரு மணி நேரம் ஓட்டியபின் பெட்ரோல் போட நிறுத்தினேன். இனி நெடுஞ்சாலை என்பதால் காற்றும் பார்க்கச் சொன்னேன். காற்றடிக்கும் அம்மாள் ஒவ்வொரு சக்கரமாக அளந்தாள். மூன்றில் முப்பத்தாறு, பின்பக்க இடது சக்கரத்தில் மட்டும் முப்பத்திரண்டு.

என் காருக்கு முப்பத்திரண்டுதான் கணக்கு. "அது ஒண்ணுதாம்மா சரியா இருக்கு. மத்த மூணையும் அதுக்கு எறக்கிடுங்க."

"எறக்க மாட்டேன் சார். ஓடி வந்த சூட்டுல கூடத்தான் காட்டும். ஆறினா சரியாயிடும். இது கூடாம நிக்குதே, இதுலதான் கோளாறு."

"இருபது வருஷமா ஓட்டறேன். எனக்கே பாடமா?"

அவள் ஒரு குவளை சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தச் சக்கரத்தில் ஊற்றினாள். ஓரத்தில் நுரை குமிழியிட்டது. அங்கே ஒரு ஆணித் தலை.

"மெதுவா எறங்கிட்டிருக்கு. இதோட வேகமாப் போயிருந்தீங்கன்னா வழியில கிழிஞ்சிருக்கும்."

அதற்கு நேர் மேலேதான் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாளே ஸ்டெப்னியை மாற்றினாள். அதில் பாதிக் காற்றுதான் இருந்தது. என் இருபது வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அதையும் நிரப்பினாள். அதற்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இறங்கி நின்றிருந்த அக்கா பிள்ளையைக் காட்டினாள். அந்த அம்மாள் கரி படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"எத்தன கிலோ?"

"ரெண்டேகால்."

"நல்லா வருவான். மெதுவா கூட்டிட்டுப் போங்க சார்."

"நீங்க மட்டும் நான் சொன்னதக் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

வீடு வரை இடது ஓரமாகவே ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டே போனான்.

"என்னடா, பதிலுக்கு ஒண்ணும் சொல்லலியா?" என்றாள் அக்கா.

"சத்தம் போடாதக்கா. பையன் முழிச்சிருவான்."