கிழக்கே நகர்ந்த கண்மாய்

சத்தியசீலனுக்கு வயிறு எரிந்தது. இருபது வருடமாகப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர் அவர். வைகைக் கரையின் பழைய சர்வே வரைபடங்களைப் பழைய பேப்பர் கடை வரைக்கும் அலைந்து சேர்த்தவரும் அவர்தான். ஆனால் பள்ளிக் கண்காட்சியில் வரைபடம் வைக்கும் பொறுப்பு, நேற்று வேலைக்கு வந்த ஜெரால்டுக்குப் போய்விட்டது.

கேட்டால், கம்ப்யூட்டரில் கெட்டிக்காரனாம். வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தைக் கண்ணாடித் தாளில் அச்சடித்து, இன்றைய மதுரைப் படத்தின் மேல் விரித்திருந்தான். எந்தக் கண்மாய்க்குள் எந்தத் தெரு வந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் மொய்த்தது. சத்தியசீலனின் மனைவி ஆனிமேரி, போன வருடம் ஒத்தக்கடையில் கட்டிய வீட்டைத் தேடினாள். கண்மாய்க்கு வெளியேதான் இருந்தது. நிம்மதியாகி, "எம்புட்டு அழகா செஞ்சிருக்கு இந்தத் தம்பி" என்றாள். வீட்டு விஷயம் அவர் காதில் ஏறவில்லை. பாராட்டு மட்டும் ஏறியது. தன் வரைபடங்களை அவள் ஒருநாளும் அழகு என்று சொன்னதில்லை.

குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று குனிந்தார். கிடைத்தது. இரண்டு தாளிலும் இருக்கிற இடங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால்தான் படம் பொருந்தும். ஜெரால்டு யானைமலை உச்சியிலும் ஒத்தக்கடைப் பக்கத்து சர்ச்சிலும் ஊசி குத்தியிருந்தான். வெள்ளைக்காரன் படத்தில் இருந்தது பழைய சர்ச்; அது இடிந்தபின் புதுசை நாலு தெரு மேற்கே தள்ளிக் கட்டினார்கள். ஊரின் மறுகோடியில், பழங்காநத்தத்தில் வளர்ந்த ஜெரால்டுக்கு அது எங்கே தெரியும்? பழைய சர்ச்சில் தாலி கட்டிய சத்தியசீலனுக்குத் தெரியும்.

சந்தோஷம் தாங்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தலைமையாசிரியர் வரும்வரை காத்திருந்து, எல்லோர் காதிலும் விழும்படி விளக்கினார். ஜெரால்டின் முகம் சுண்டிப் போயிற்று.

"எனக்குத் தெரியாது சார். நீங்களே சரியா வச்சுக் காட்டுங்க" என்று ஒதுங்கி நின்றான்.

அதற்குத்தானே இத்தனை பாடு. சர்ச் ஊசியைப் பிடுங்கி, தாளைக் கிழக்கே திருப்பி, பழைய சர்ச் இருந்த இடத்துப் பெட்ரோல் பங்க் மேல் குத்தினார். நீலக் கண்மாயும் கூடவே நகர்ந்தது. கைதட்டினார்கள். அடுத்த வருடம் முழுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்றார் தலைமையாசிரியர்.

சத்தியசீலன் பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தாளை விட்டு நிமிரவில்லை. அவள் விரல் தங்கள் வீட்டின் மேல், நீலத்தின் நடுவில் இருந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "இம்புட்டுத் தெரிஞ்சவரு, எடம் வாங்கும்போது ஏன் பாக்கல?"