கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி

அந்த நாவலைப் படித்து முடித்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஓர் ஆளை மறந்துபோனார்கள். ஒரே ஓர் ஆளைத்தான். மற்றபடி புத்தி தெளிவாகத்தான் இருந்தது. முதலில் மறந்தவர் மருந்துக்கடைக்காரர். அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டும் நேரத்தில், கடையைச் சேர்ந்து நடத்தும் தம்பி உள்ளேயிருந்து இருமல் மருந்து தீர்ந்துவிட்டதென்று குரல் கொடுத்திருக்கிறான். இவர் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "யாருங்க நீங்க, கடைக்குள்ள எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். அடுத்தது எதிர்சாரித் தையல்காரம்மா. இந்த மனுஷன் இன்னும் சாப்பிட வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே முடித்தாள். மனுஷன் வந்து நின்றபோது சட்டை தைக்க வந்தவர் என்று எண்ணி, டேப்பை எடுத்துத் தோளை அளந்தாள். ஒரு டைப்பிஸ்ட் பெண் தன் மேனேஜரை மறந்தாள். அவர் கத்தும்போதெல்லாம், பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அவள் ஒருத்திதான் கொடுத்துவைத்தவள் என்று எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். மறந்தது மறந்ததுதான். போட்டோவைக் காட்டினாலும் சரி, அழுது புரண்டாலும் சரி, திரும்பி வரவில்லை. இவன் உன் தம்பி என்று சொல்லிக் கொடுத்ததும் மருந்துக்கடைக்காரர் மறுக்காமல் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து அவனை வாங்க, போங்க என்றுதான் பேசினார். தம்பிக்கு அதுதான் தாங்கவில்லை.

நாவலில் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. தடியான சரித்திரக் காதல் கதை, அட்டையில் முன்னங்கால் தூக்கிய குதிரை. படைத்தலைவன் ஒருவன் போரில் விழுந்து மண்டையில் அடிபட்டு, கட்டிய மனைவியை மறந்துவிடுகிறான். அவள் பெயரை மாற்றிக்கொண்டு அதே அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்து, மாலைதோறும் அவன் அறைக்கு விளக்கேற்றப் போகிறாள். ஒரு வாடகை நூலகத்தில் அது கிடந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் மேஜைமேல் முழங்கையை ஊன்றி அபிப்பிராயம் சொல்லாமல் போவது அங்கே கிடையாது. மற்றப் புத்தகங்களுக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும், சில நேரம் கைகலப்பு வரைக்கும் போகும். இதற்கு மட்டும் எல்லோரும் பேசிவைத்தது போல ஒன்றையே சொன்னார்கள். "சண்டைக் காட்சியெல்லாம் அருமை. முடிவும் பரவாயில்ல. ஆனா அந்த மறதி இருக்கு பாருங்க, அதுதான் நம்புற மாதிரி இல்ல. சொந்தப் பொண்டாட்டிய ஒருத்தன் மறப்பானா?" தையல்காரம்மா இதைச் சொன்னபோது மழை. அவள் புருஷன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். போகும்போது அவனிடம், "குடைக்கு ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நூலகம் ஒரு வீட்டின் முன்னறை. நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் குடித்தனம். முன்னால் லைப்ரரிக்காரர், பின்னால் அவர் மனைவி. லைப்ரரிக்காரர் வாழ்நாளில் ஒரு நாவலை முழுதாகப் படித்தவரில்லை. ஆனால் யார் எதை எடுத்துப் போனார்கள், எந்தப் பக்கத்தில் காதை மடித்துத் திருப்பித் தந்தார்கள் என்பதெல்லாம் எழுதிவைக்காமலே அவருக்கு மனப்பாடம். படிப்பதெல்லாம் அவள் வேலை. புதுப் புத்தகம் எது வந்தாலும் அவள் கையில் விழுந்து, அடுப்படியில் ஆவி பிடித்து, அதன் பிறகுதான் அலமாரிக்கு வரும். "படிக்கலாம்" என்பாள், "புரட்டலாம்" என்பாள், இல்லையென்றால் "ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்பாள். ஊர் அதற்கு மேல் பேசாது. அதனால் அவளுக்குத் தீர்ப்பம்மா என்றே பெயர். மகளின் பிரசவத்துக்காக அவள் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது வந்த மூட்டையில் இந்த நாவலும் வந்து சேர்ந்தது. தீர்ப்பு இல்லாமலே ஊர் அதை எடுத்துப் படித்துவிட்டது. நான் மட்டும் இங்கே இருந்திருந்தால் என்று பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள். இருந்திருந்தால் அவள்தான் முதலில் மறந்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவள் அந்த நாவலைத்தான் கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்கவில்லை. விளக்கேற்றுகிறவள் அவன் அறை வாசலில் நின்று மூச்சை அடக்கிக்கொள்ளும் இடத்தில் இவளும் அடக்கிக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒரு பகல் வேளையில் அவள் கடைசி அத்தியாயத்துக்கு வந்து, தலைப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது, முன்னறையில் சும்மா உட்கார்ந்திருந்த லைப்ரரிக்காரரின் மனப்பாடத்தில் ஏதோ இடறியது. மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா, டைப்பிஸ்ட் பெண். மூன்று பேரும் எடுத்துப் போனது ஒரே புத்தகம். மனுஷன் திரையைக் கிழிக்காத குறையாக உள்ளே ஓடிவந்து, அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். "என்னங்க இது, கொள்ளைக்காரன் மாதிரி!" என்றாள் அவள். அவர் நின்று மூச்சு வாங்கினார். "படிக்காத. முடிச்சே, என்னை மறந்துருவே" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

சாவியைப் பிடுங்க அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனால் தையல்காரம்மாவின் புருஷன் அந்தக் கடை வாசலில் வாடிக்கையாளர் போல உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். கதையில் அந்தப் படைத்தலைவனுக்கு நினைவு வந்ததா இல்லையா? அந்தப் பெண் என்ன ஆனாள்? தெரியாமல் அவளால் வேறு புத்தகத்தைத் தொட முடியவில்லை. எதை எடுத்தாலும் இரண்டாம் பக்கத்தில் அந்த விளக்குக்காரி வந்து நின்றாள். படித்தவர்களைப் பிடித்து முடிவைக் கேட்டாள். அவள் இறந்துவிடுகிறாள் என்றார் மருந்துக்கடைக்காரர். அவன் இறந்துவிடுகிறான் என்றாள் தையல்காரம்மா. இரண்டும் இல்லை, இளவரசிக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று டைப்பிஸ்ட் பெண் சத்தியம் செய்தாள். அவரவருக்கு வேண்டிய முடிவை அவரவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் ஓடியது. புதுப் புத்தகங்கள் தீர்ப்பில்லாமல் திண்டாடின. தீர்ப்பம்மா இளைத்துப்போனாள், பேச்சு குறைந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, பூட்டிய பீரோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூடவே இருக்கும் மனைவி இப்படித் தேய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க லைப்ரரிக்காரரால் முடியவில்லை. படிக்கவிட்டால் அவள் போய்விடுவாள், படிக்கவிடாமலிருந்தாலும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "இந்தா, இப்படி வா. நான் படிச்சு உனக்குச் சொல்றேன்."

"நீங்களா? நாவலா?"

"ஏன், எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதா? கடைசிப் பக்கத்துல யாரு மனசுல இருக்காங்களோ அவங்கதானே போவாங்க. நான் உங்கண்ணனை நெனச்சுக்கறேன்."

அவள் அண்ணன், எந்த விசேஷத்திலும் மாப்பிள்ளையை ஓரமாக அழைத்துப்போய், ஒரு நல்ல தொழிலாகப் பார்க்கக் கூடாதா என்று புத்தி சொல்கிறவர். அவரை மறப்பதில் இரண்டு பேருக்குமே பெரிய ஆட்சேபனை இல்லை. இருந்தாலும் அவள், "நானே அண்ணனை நெனச்சுக்கிட்டுப் படிக்கிறேனே" என்று கேட்டுப் பார்த்தாள். "உன் மனசு ஒரு இடத்துல நிக்காது. எனக்கு ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். தெரிஞ்சதுதானே?" என்றார். தெரிந்ததுதான். அவள் சரியென்றாள். அந்தச் சரியை அவள் பிறகு எத்தனையோ முறை திரும்ப விழுங்கப் பார்த்தாள். அது நடக்கிற காரியமா?

வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய, அவர் பல வாரம் படித்தார். கடைசி அத்தியாயத்தை ஒரு விடுமுறை நாள் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டார். அண்ணன் கோட்டுப் போட்ட போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி மேஜைமேல் எதிரே நிறுத்தினார். "நீ கண்ணுல படாதே" என்று அவளை எதிரே தையல்கடைக்கு அனுப்பிவைத்தார். அவள் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, தெருவைத் தாண்டித் திறந்த கதவு வழியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தார். போட்டோவை முறைத்தார். மறுபடி படித்தார். கடைசிப் பக்கம் வந்தது அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. விரல் இறங்கிக்கொண்டே வந்து அடிவரியில் நின்றது. அப்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். வெளியூர் போய்த் திரும்பும்போதெல்லாம், அவளுக்கென்று வாங்கிய புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு அது. அண்ணனை நினைத்து இந்த உலகத்தில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அவள் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டி ஓடினாள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் லைப்ரரிக்காரர். "லீவு நாள்தான், பரவாயில்ல. புதுசா சேரணுமா?"

அவள் மேஜைமேல் நின்ற அண்ணன் போட்டோவைப் பார்த்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இப்பத்தான் இதை முடிச்சேன். இதோட முடிவை யாருக்கோ சொல்லணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. யாருக்குன்னுதான் பிடிபடல. நீங்க கேக்குறீங்களா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அவர் ஒரு வரி விடாமல் சொன்னார். விளக்குக்காரி விளக்கேற்றும்போது எண்ணெய் கொட்டிக் கை சுட்டுவிடுகிறது. படைத்தலைவன் பதறி அந்தக் கையைப் பிடிக்கிறான். மணிக்கட்டில் பழைய தழும்பைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அரண்மனை முழுக்க விளக்கேற்றுகிறார்கள், முரசு கொட்டுகிறார்கள், சுபம். இதற்கா, இந்தப் பிசாத்து முடிவுக்கா நான் ஒரு வருஷம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு தன் இடது கையை மேஜைமேல் நீட்டி வைத்தாள். அந்தப் பால் பொங்கிய நாளில் சுட்டுக்கொண்ட வடு அதில் இருந்தது; அவர்தான் மருந்து போட்டுவிட்டார். லைப்ரரிக்காரர் அதைப் பார்த்தார். "அடடா, சுட்டுக்கிட்டீங்களா? பாத்து வேலை செய்யுங்கம்மா" என்றார். பிறகு புத்தகத்தைத் தட்டி, "முடிவு பரவாயில்ல. ஆனா அந்த மறதிதான் நம்புற மாதிரி இல்ல" என்றார்.

மகள் இடுப்பில் குழந்தையோடு வந்து, "அப்பா, அது அம்மாப்பா" என்று அழுதாள். "ஆமாமா, அப்படித்தான் சொல்றாங்க. நல்ல மாதிரி" என்று அவர் மகளைச் சமாதானம் செய்தார். அண்ணனும் வந்தார், அவரை எள்ளளவும் மறக்காத மாப்பிள்ளையை ஓரமாக அழைத்துப்போய் வழக்கம்போல் புத்தி சொல்லிவிட்டுப் போனார். முதல் சில நாள் அவள் திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தால் லைப்ரரிக்காரர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். அந்தத் திடுக்கிடலைப் பார்க்கச் சகிக்காமல், அவள் கொல்லை வழியாக வெளியேறி, பக்கத்துச் சந்து வழியே சுற்றிக்கொண்டு தெருவாசல் வழியாக உள்ளே வரப் பழகினாள். வந்தால், "வாங்கம்மா" என்று முகம் மலர்ந்து வரவேற்பார். அவள் பழையபடி படிக்கத் தொடங்கினாள். அவள் சொல்வதைக் கேட்டுக்கேட்டு, இப்படி ஒரு வாசகி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். புதுப் புத்தகம் வந்தால் அவளுக்கென்று எடுத்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார். அப்போதெல்லாம் அவள் கொஞ்ச நேரம் அலமாரிப் பக்கம் திரும்பி நிற்க வேண்டியிருந்தது.

அந்த நாவல் இப்போதும் அங்கே இருக்கிறது. அதை ஏன் பூட்டிவைத்திருந்தோம் என்று தெரியாமல் லைப்ரரிக்காரரே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். யாரை நினைத்துக்கொள்வதென்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் ஜனங்கள் எடுத்துப் போகிறார்கள். நினைத்தபடி ஒருவருக்கும் நடந்ததில்லை. அவர் அவளிடமும் அவ்வப்போது அதை நீட்டுவார். "நீங்க இதை மட்டும் எடுக்கவே இல்லையேம்மா?"

"படிச்சதுதாங்க. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி."

"அட, அதையும் முடிச்சிருங்களேன்."

"வேணாங்க" என்பாள். "ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கட்டும்."

அவருக்குப் புரியாது, ஆனாலும் தலையாட்டுவார். ஒரு நாள் மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் நின்று அதே நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தீர்ப்பம்மாவின் அபிப்பிராயம் என்ன என்று யாரோ கேட்டார்கள். அவள் லைப்ரரிக்காரரைப் பார்த்தாள். "மறதியெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றாள். "முடிவுதான் நம்புற மாதிரி இல்ல."

சொல்லிவிட்டுத் தெருவாசல் வழியாக இறங்கி, சந்து வழியே சுற்றிக் கொல்லைப் பக்கமாக வீட்டுக்குள் போய், அடுப்பைப் பற்றவைத்தாள். இருட்டுகிற நேரத்தில் லைப்ரரிக்காரர் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, தினமும் செய்வதுபோலத் திரைக்கு இந்தப் பக்கமே நின்று, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார். "வாங்க" என்றாள் அவள்.