துறப்பணப் பூ

மரத்தில் துளை போடும் துறப்பணத்தின் குறுக்குப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து அவர் திருகினார். முனை சுவர்ப் பலகையில் இறங்காமல் வழுக்கி ஓடியது. திரும்பிப் பார்த்தார். கட்டிலில் மனைவி கண்களை மூடிக் கிடந்தாள். உதட்டோரம் மட்டும் கோணியது.

"இதுக்குத்தான் உங்களை ஒரு ஆணிகூட அடிக்க விட்டதில்ல."

அவர் பஸ் டிரைவர். தச்சு வேலை அவளுடையது. இந்த வீட்டின் பலகைச் சுவர்களை இழைத்து நிறுத்தியவளே அவள்தான். பின்பக்கம் குளிர்காற்று வருமென்று ஜன்னல் வைக்கவில்லை. அந்தப் பக்கத்துப் புல்மேட்டில்தான் வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் காட்டு ஆர்க்கிட் பூக்கும். வெள்ளைப் பூக்கள் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறுவதால் அதையும் துறப்பணம் என்றே சொல்வார்கள். சாயங்காலத்தில் மணக்கும், பறித்தால் மணம் போய்விடும்.

பூத்துவிட்டது என்று மதியம் அவர்தான் வாய்தவறிச் சொன்னார். அந்த மணம் ஒருமுறை வேணும் என்றாள் அவள். அவளை வெளியே தூக்கிப் போக வழியில்லை. புரட்டினாலே வலியில் துடித்தாள். "பக்கத்துலயே இருங்க" என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கரண்டில் ஓடும் டிரில்லின் சத்தத்தை அவள் தலை தாங்காது.

"உங்களுக்கு என்ன கிறுக்கா தம்பி? உசிரு ஊசலாடுற நேரத்துல தலைமாட்டுல ஓட்டை போடுறீங்க!" என்றாள் மனைவியின் அக்கா.

"நான்தான்க்கா கேட்டேன்" என்றாள் அவள். பிறகு அவரிடம், "கையால தள்ளாதீங்க. நெஞ்சைச் சாய்ச்சு பாரத்தைப் போடுங்க. நிதானமா."

அவர் நெஞ்சைச் சாய்த்தார். முனை கடித்தது. சுருள் சுருளாக மரத்தூள் தலையணையில் விழுந்தது. உள்ளங்கை எரிந்தது. திடீரென்று பிடி லேசாகி, அவர் சுவரில் போய் முட்டிக்கொண்டார். உருவியதும் ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்தது.

மூவரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். மரவாசம்தான் வந்தது.

அவர் இரண்டாவது துளையைத் தொடங்கினார். அது முடிந்தபோது அக்கா குனிந்து தங்கையின் முகத்தையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இன்னும் கீழ போடுங்க தம்பி. அவ மூக்கு இங்கதான இருக்கு!"

மூன்றாவது துளை விழுந்தபோது வெளியே காற்று திரும்பியது. முதலில் ஈரப்புல்லின் வாசம். அதன் பின்னால், மெல்ல, அது வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனைவி ஆழமாக இழுத்தாள். பல நாளாக அவளுக்கு அப்படி ஒரு மூச்சு வாய்க்கவில்லை.

"வந்துருச்சு" என்றாள். சற்றுப் பொறுத்து, "மூணும் கோணல். ஆனா என் சுவத்தையே துளைச்சுட்டீங்களே!"

"பின்ன?" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள், சத்தம்தான் வரவில்லை.

இருட்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆட்கள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒவ்வொருவரிடமும் அக்கா சொன்னாள்: "மூணு ஓட்டையும் தம்பியே போட்டது. தனியா!" மனைவியோடு பட்டறையில் வேலை செய்த தச்சர் ஒருவர் துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டாவது நல்லாவே வந்துருக்கு" என்றார்.

வந்தவர்கள் வரிசையாக அவருடைய கையைப் பிடித்து அழுத்தினார்கள். உள்ளங்கையில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் நீட்டினார்.