பூஜை போடாத சோடா மெஷின்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பக்தியில் பிறந்ததல்ல, பூசணிக்காயில் பிறந்தது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், லஸ் முனையில் எந்தப் புண்ணியவானோ நடுரோட்டில் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் என் ஸ்கூட்டர் வழுக்கியது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். தூக்கிவிட்ட ஆட்டோக்காரர் என் முழங்காலைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். "இன்னா சார், பூஜ போட்லியா? ஒரு பொட்டு கூட காணோம்?" என்றார்.

போடவில்லைதான். சோம்பேறித்தனம், வேறென்ன? ஆனால் காலை நீட்டிப் படுத்திருந்தபோது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. சோம்பலால் அல்ல, மனசாட்சிக்காகப் பூஜையை நிறுத்திய ஒரு மனிதர் இருந்தால் அவர் கதி என்ன? அப்படி உண்டானவர்தான் ஞானாபரணம். நான் அவருக்குச் செய்யப்போவதை அவர் மன்னிக்க மாட்டார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1934-ஆம் வருஷத்து மயிலாப்பூரில், மாடவீதிகளின் மணியோசைக்கு நடுவே, ஒரு கிறிஸ்தவரின் உள்ளத்தில்..." அடச்சே. மணியோசையாம், உள்ளமாம்! அடித்துவிட்டேன்.

அடுத்தது: "ஞானாபரணம் ரொம்ப நல்லவர்." இதில் பொய்யில்லை. ஆனால் நல்லவர் என்றதும் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதனால் அவர் என்ன செய்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கச்சேரி ரோட்டில் கோலி சோடா கம்பெனி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருக்கிற கர்த்தர் திங்கட்கிழமை கம்பெனியிலும் இருந்தாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால் சாராயக்கடைக்குச் சோடா கிடையாது. கிண்டி ரேஸ் மைதானத்துக்கும் கிடையாது.* தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டாமல் ஒரு பாட்டில் வெளியே போகாது. வேலைக்காரர்களை வாடா போடா என்று கூப்பிட்டதே இல்லை. காலையில் மெஷினைச் சுற்றும் முன்பு எல்லாரும் நின்று ஒரு ஜெபம். மெஷின் ஓட்டும் வடிவேலு கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்பார். பாட்டில் கழுவும் ஷரீஃப் மட்டும் கடைசியில் உரக்க "ஆமீன்" என்பார். "எங்களுதும் அதான் மொதலாளி, செலவில்லாம ஒத்துப்போவுது" என்று சிரிப்பார்.

(* சோடா வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டு இடங்களில்தான் இருந்தார்கள். "கர்த்தர் ஊழியத்துக்குப் போக வேண்டிய மனுசன் சோடாவுக்கு ஏன் வந்திய?" என்று அவர் மனைவி ஞானப்பூ கேட்பதுண்டு.)

3

ஆயுத பூஜை வந்தால் ஞானாபரணம் என்ன செய்வார் தெரியுமா? முந்தின நாள் காலையிலேயே சாவியை வடிவேலுவிடம் கொடுத்துவிட்டு அடையாற்றிலிருந்த மச்சினன் வீட்டுக்குப் போய்விடுவார். பூஜை முடிந்த மறுநாள் திரும்பி வருவார். மெஷினில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். ஈரத்துணியால் தானே துடைத்துவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி ஜெபத்தைத் தொடங்குவார்.

எத்தனை வருஷம் இப்படி! 1934-ஆம் வருஷம் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. பார்க்காத மாதிரி ஓடி ஒளிவதற்குப் பதில், நானே கற்பூரம் காட்டிவிட்டுப் போகலாமே என்று குமுறினார். பூஜைக்கு ஒரு வாரம் முன்பு எல்லாரையும் கூப்பிட்டார்.

"வடிவேலு, நான் சொல்லுதேன்னு மனசு நோகக் கூடாது. இந்த வருஷம் பூஜை வேண்டாம். நான் ஒளிஞ்சு போனதெல்லாம் பொய்யி. வீட்ல நீங்க இஷ்டம்போல கும்பிடுங்க. இங்க மெஷின் எப்பவும் போல ஓடட்டும். கிறிஸ்மஸுக்கு ஒரு நாள் கூடுதலா லீவு தாரேன்."

"சோறு போட்ற சாமான் மொதலாளி. வருசத்துல ஒரு நாளு ஒக்கார வெச்சி அதுக்கு மருவாதி பண்லன்னா எப்டி?"

"சோறு போடுறது மெஷின் இல்ல வடிவேலு."

ஷரீஃப் குறுக்கே புகுந்தார். "இன்னாண்ணே, என்னியப் பாரு. நான் எந்த மெஷினுக்குப் பொட்டு வெச்சேன்?"

"நீ பாட்டிலு கய்வுறவன். ஒனக்கு இன்னா தெரியும்?" என்றார் வடிவேலு. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் முதலாளி பக்கம் திரும்பி, "நீங்க சொல்லிட்டா சரி" என்றார்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாரா வடிவேலு? சண்டை போட்டு வேலையை விட்டுப் போகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வடிவேலுவை ஞானாபரணத்துக்கு முன்பு எந்த முதலாளியும் நீங்க, வாங்க என்று கூப்பிட்டதில்லை. அந்த மரியாதைக்காக அவர் எதையும் கேட்பார். ஞானாபரணம் கெட்டவராக இருந்திருந்தால் வடிவேலு தப்பித்திருப்பார்.]

அந்த ஆயுத பூஜையன்று ஊரெல்லாம் மெஷின்கள் மாலை போட்டு உட்கார்ந்திருக்க, ஞானாபரணத்தின் மெஷின் ஓடியது. தான் இரண்டு ஆள் இல்லை, ஒரே ஆள் என்று அவர் அன்றைக்குத்தான் உணர்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவருக்கு.

4

சித்திரை மாதம். தியாகராய நகரில் புதிதாக வந்துகொண்டிருந்த கடைகளிலிருந்தெல்லாம் சோடா கேட்டு ஆள் வந்தபடி இருந்தது. வடிவேலு மூச்சுவிடாமல் மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது

[இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கேஸ் அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட ஒரு வால்வு உண்டு. அது திறக்கவில்லை. மெஷினின் செம்பு உருளை வெடித்தது. பக்கத்திலிருந்த பாட்டில்களும் சேர்ந்து வெடித்தன. வடிவேலுவின் இரண்டு கண்களும் போய்விட்டன.]

மறுநாள் கம்பெனியில் ஞானாபரணம் அந்த வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தார். பச்சைப் பசேல் என்று களிம்பு ஏறி, இறுகிப்போய் இருந்தது. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

5

வடிவேலுவின் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. கட்டில் காலடியில் அவர் மனைவி தேவானை உட்கார்ந்திருந்தாள். முதலாளியைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"வடிவேலு, இந்த வால்வை எப்பமாவது கழட்டியிருக்கியளா?"

"கயட்டாம? வருசா வருசம் பூஜைக்கு மொத நாளு மெஷின நட்டு நட்டா பிரிச்சி, புளி போட்டுத் தேச்சி, வாஷர் மாத்தி, எண்ண வுட்டு மாட்டுவேனே. அப்பாலதானே பொட்டு?"

"இந்த வருஷம்?"

"நீங்கதான் பூஜ வாணாம்னுட்டீங்களே மொதலாளி. அத்தினியும் சேத்துதானே பூஜ?"

குறை சொல்லும் குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். வடிவேலு சும்மா விவரம்தான் சொன்னார்.

பொட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று அடையாற்றுக்கு ஓடியவர், பொட்டுக்கு முந்தின நாள் நடந்த வேலையை ஒரு வருஷமும் பார்த்ததில்லை. வேலையும் ஜெபமும் ஒன்றாக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் தவித்த மனிதர் அவர். அவர் கம்பெனியிலேயே, அவர் முன்னாலேயே ஒருவருக்கு அது ஒன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவர் நிறுத்தினார்.

6

அடுத்த நாள் ஜெபத்துக்கு எல்லாரும் நின்றார்கள். ஞானாபரணத்துக்கு வாய் திறக்கவில்லை. ஷரீஃப் தன் ஆமீனை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பாட்டில் கழுவப் போனார். அதற்கப்புறம் அங்கே ஜெபம் நடக்கவில்லை.

இது சோதனை என்றார் போதகர். அம்மன் குத்தம் என்றது தெரு. எதையாவது நம்ப முடிந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கர்த்தர் அடித்தார் என்றால் குனியலாம். அம்மன் அடித்தாள் என்றால் எதிர்த்து நிற்கலாம். வெறும் களிம்பிடம் என்ன செய்வது? "ஞானப்பூ, எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லட்டி" என்று ஒரு நாள் சோற்றுத்தட்டின் முன் அழுதார். 

எனக்குத் தோன்றிய முடிவுகள்:

வடிவேலுவுக்குப் பார்வை திரும்புகிறது. (எழுதக் கை கூசியது.)

புது உருளை மாட்டிய மெஷினை விற்றுவிட்டு ஞானாபரணம் ஊருக்குப் போய்விடுகிறார். (மறுபடியும் ஓட்டமா? போதும் ஐயா.)

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தன் கையாலேயே மெஷினைப் பிரித்துத் தேய்க்கிறார். பொட்டு இல்லை, கற்பூரம் இல்லை, புளி மட்டும். இது எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கும் பிடித்திருக்கும். அவர் முதல் நட்டில் கை வைக்கும் வரை எழுதியும்விட்டேன். அப்போது நான் கூப்பிடாமலே தேவானை புருஷனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்துவிட்டாள்.

"தூக்கமே இல்ல மொதலாளி இதுக்கு. மெஷினத் தேய்க்கணும், பொட்டு வெக்கணும்னு ஒரே பொலம்பலு. அம்மா கோச்சிக்கினுதான் கண்ண எட்த்துக்கினாளாம். ஒங்க சாமியும் எங்க சாமியும் மல்லுக்கு நின்னு, நடுப்புற எம்புருசன் கண்ணு பூட்ச்சி! நீங்களே சொல்லுங்க, பூஜ உண்டா இல்லியா?"

"நீ சும்மா இரு" என்றார் வடிவேலு. "மொதலாளி, உண்டுன்னா இப்பவே பிரிக்கிறேன். கையிக்கி எல்லாம் தெரியும். இல்லன்னா வூட்டுக்குப் போறேன். தேச்சிட்டுப் பொட்டு வெக்காம அத்த அம்போன்னு வுட்டுட்டுப் போவ என்னால ஆவாது."

அவர் கை மெஷினைத் தொடாமல், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது.

உண்டு என்றால், தெய்வம் தண்டித்த மனிதன் என்ற நினைப்போடு வடிவேலு சாகும்வரை இருப்பார். அந்த நினைப்புக்குக் கையெழுத்துப் போட்டவர் ஞானாபரணம் ஆவார். இல்லை என்றால், கண் போன மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே வேலையும் போய்விடும், இரண்டாம் தடவையும் அதே வாயால்.

ஞானாபரணம் பல மாதம் கழித்து மேலே பார்க்கிறார். "கர்த்தாவே, ஒரே ஒரு வார்த்தை" என்கிறார்.

இந்தக் கதைக்குள் அவருக்கு மேலே இருப்பது நான் ஒருவன்தான். அந்த வால்வில் களிம்பு ஏற்றியவனும் நான்தான். அவர் கேட்பது எனக்கு நன்றாகவே கேட்கிறது. சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. இப்போது நீங்களும் கேட்டுவிட்டீர்கள். வடிவேலு நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. சொல்லுங்கள், உண்டா, இல்லையா?