தாமஸ் ஃபியூஸ்டரின் அட்டை

1

இந்தக் கதை ஒரு பஸ் பயணத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில், இறந்துபோன ஒருவரின் பெட்டிகளை ஒழிக்கும்போது பிறந்தது. ஒழிக்கப் போன இடத்தில் ஓர் அட்டை கையில் சிக்கியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் எழுத உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் கதை எழுதுவதில்லை, போன் செய்துவிடுகிறார்கள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அறுநூறு வருஷத்துக்கு முன்னால், யார்க் நகரத்தில், ராபர்ட் என்ற ஒருவன் பீச் மரக்கட்டையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு—"

இடுக்கிக்கொண்டு என்ன செய்தான்? எனக்குத் தெரியாது. குதிரைச் சேணத்துக்கு உள்ளே மரக்கூடு ஒன்று இருக்கும். திணிப்பும் தோலும் அதன்மேல்தான் ஏறும். அந்தக் கூட்டைச் செய்கிறவனுக்கு ஃபியூஸ்டர் என்று பெயர். பழைய பிரெஞ்சில் மரத்துக்கு வழங்கிய ஒரு சொல்லிலிருந்து வந்தது. இந்த இரண்டு வரியை, பெட்டிகளை விட்டுப்போன நெவில் எந்தத் தேநீர் விருந்திலும் சொல்வார். கேட்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "நான் ஃபியூஸ்டர் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தொன்பது—"

'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. அதனால் அவள் மேகி. மங்கையர்க்கரசி என்ற பெயர் ஹல் நகர ஆஸ்பத்திரியின் வார்டு ஒன்றில் வேலைக்கு நுழைந்த முதல் வாரத்திலேயே மேகி ஆகிவிட்டது. என்னைவிட அவளை இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். அவளைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

2

மேகியின் கணவர் நெவில் ஃபியூஸ்டர், கிழக்கு யார்க்‌ஷயரின் தாழ்நிலத்தில் வடிகால் அளக்கும் சர்வேயராக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருக்கு அந்த வியாதி பிடித்துவிட்டது. இந்த நாட்டில் அது பலருக்கு உண்டு: ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் பிறந்த, மணந்த, புதைந்த அத்தனை பேரையும் தேடிப் பிடிப்பது. ஸ்மித் என்ற பெயருக்கு இது முடியாது. ஃபியூஸ்டர் அபூர்வமான பெயர். யார்க்‌ஷயரின் கிழக்கோரத்தில் ஒரு கொத்து, வடக்கே டர்ஹம் கரையில் ஒரு கொத்து, மற்ற இடங்களில் சிதறிய சில புள்ளிகள். சாப்பாட்டு அறைச் சுவரில் வரைபடம் மாட்டி, குண்டூசி குத்தி வைத்திருந்தார்.

"தண்ணி மாதிரிதான் மேகி. பேரும் சரிவு பார்த்துத்தான் ஓடும்."

"ஓடட்டும். குண்டூசி என் கால்ல ஏறாம ஓடட்டும்."

ஆளுக்கு ஓர் அட்டை. அட்டை எழுதுவதில் நெவிலுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் பென்சிலில் எழுதுவார். அதே பெயரில் அதே ஊரில் குழந்தையாக யாரும் சாகவில்லை என்று அடக்கப் பதிவைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான், அதன்மேல் மையால் எழுதுவார். அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் தங்கவில்லை. செத்த பிள்ளைக்குக் கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்துவிடுவதுதான் இந்தத் தேடலில் இறங்கியவர்கள் செய்கிற பெரிய தப்பு. புதிதாக வருகிறவர்களை நெவில் விரட்டுவார்: "முதல்ல புதைச்சுப் பாருய்யா. புதைக்க முடியலைன்னா அப்புறம் கட்டி வை."

(மேகிக்கும் நெவிலுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் கதை இதில் வராது.)

3

1996-இல் டெலிபோன் புத்தகத்தில் இருந்த ஃபியூஸ்டர்கள் எல்லோருக்கும் நெவில் கடிதம் போட்டார். பெரும்பாலோர் பதில் எழுதவில்லை. ஓர் அம்மாள், தனக்கு உறவினர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருப்பதாக எழுதியிருந்தாள்.

ஒருவர் மட்டும் நேரில் வந்தார். ஹார்ட்லிபூலிலிருந்து ரயில் மாறி மாறி வந்து, கையில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றோடு வாசலில் நின்றார்.

"லெட்டர் எழுத எனக்கு வராது. அதான் நானே வந்துட்டேன். ரான் ஃபியூஸ்டர்."

ரான் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். வளர்ந்தது அதே டர்ஹம் கரையில், சண்டர்லேண்டில் ஓர் அநாதை இல்லத்தில். தகப்பன் பெயரும் அவர் பிறந்த தெருவும் ஒரு சான்றிதழில் இருந்தன. சொந்தம் என்று அவரிடம் இருந்தது அந்தக் காகிதம் மட்டும்தான். நெவில் அதைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் மேலே மேலே ஏறினார். கடைசியில் 1768-இல் சண்டர்லேண்டில் கல்யாணம் செய்துகொண்ட தாமஸ் ஃபியூஸ்டர் என்பவனிடம் வந்து நின்றார். அந்தத் தாமஸ் எங்கிருந்து வந்தான்? ஸ்கெல்பி என்ற நம் பக்கத்துக் கிராமத்தில், நெவிலின் முன்னோரான வில்லியமுக்கு 1743-இல் தாமஸ் என்று ஒரு மகன் பிறந்திருந்தான். வயது பொருந்தியது. நிலக்கரிக் கப்பலேறி வடக்கே போயிருப்பான் என்றார் நெவில். ரானை மறுபடி வரச்சொல்லி, மேஜைமேல் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார்.

"பாரு. இது நீ. இது நான். இங்க சேர்றோம். ஏழு தலைமுறை தள்ளி நீ எனக்குப் பங்காளி."

"ஏழா? ஏழு தெருன்னு நெனைச்சா நடந்தே வந்துரலாமே."

"முடியைப் பாரேன் மேகி, ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல போயிருக்கு."

"அது ஃபியூஸ்டர்களுக்கு மட்டும் போறதில்ல" என்றாள் மேகி.

இந்தப் பக்கத்தில் குடும்பத்து ஆளின் பெயருக்கு முன்னால் 'நம்ம' என்று சேர்ப்பார்கள். வெளியாளுக்குச் சேர்க்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் பப்பில் நெவில் கவுன்டர்காரனிடம், "நம்ம ரானுக்கு ஒரு பைன்ட்" என்றார். ரான் கழிவறைக்குப் போனவர், வர வெகு நேரமாயிற்று.

அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தார், கோடையில் ஒரு வாரமும் வந்தார். நெவிலின் சவப்பெட்டியைத் தூக்கும்போது, முன்னால் குடும்பத்தார்தான் நிற்க வேண்டும் என்று அடக்கக் கடைக்காரர் சொன்னார். "குடும்பம்தான்யா" என்று ரான் வலது பக்கத்தில் தோள் கொடுத்தார்.

* ரான் மேகியை அண்ணி என்று கூப்பிடுவதாகத்தான் இனி எழுதப்போகிறேன். அவர் வாயில் வந்தது இந்த நாட்டின் வடக்கத்தியர்கள் எல்லாப் பெண்களையும் கூப்பிடுகிற ஒரு சொல்தான். அவள் காதில் அது அண்ணி என்றுதான் விழுந்தது. இந்த ஒரு சலுகையை வாசகர் எனக்குத் தர வேண்டும்.

4

நெவில் போனது நவம்பரில். பெட்டிகளை இனி ரான் வைத்துக்கொள்வது என்று பேச்சு. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எடுத்துப்போக வருவதாக இருந்தார். அந்த வாரம் மேகி அட்டைகளைச் சரிபார்த்தாள். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் அட்டைகள், எல்லாம் மையில்.

ஸ்கெல்பி தாமஸ் மட்டும் பென்சிலில் இருந்தான்.

இருபத்திரண்டு வருஷமாகப் பென்சிலில் இருந்திருக்கிறான். ஸ்கெல்பியின் ஞானஸ்நானப் பட்டியல் அச்சாகி அலமாரியில் இருந்தது. அடக்கப் பட்டியல் அச்சாகவில்லை. பெவர்லி ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் படச்சுருளில் பார்க்க வேண்டும். பஸ்ஸில் நாற்பது நிமிஷம். நெவில் வாரம் தவறாமல் அங்கே போனவர்.

மேகி போனாள். (ஏன் போனாள்? இதற்கு ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவர் விட்டுப்போன வேலை அந்த ஒன்றுதான். அதைச் செய்தால் அவரோடு இன்னும் ஒரு நாள் இருந்ததாக ஆகும் என்று நினைத்திருக்கலாம்.)

காப்பகத்தில் ஹேசல் என்ற பெண் இருந்தாள்.

"நெவில் எங்க? பிஸ்கட் தின்னுட்டு வந்து ஃபிலிமைத் தொடறதுக்கு ஆளில்லாம இருக்கு."

மேகி சொன்னாள். ஹேசல் மேஜையைச் சுற்றி வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஸ்கெல்பி சுருளைக் கொண்டுவந்து, "இதை அவர் ஒரு தடவை எடுத்தார். மெஷின்ல மாட்டாமயே திருப்பிக் குடுத்துட்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னார். அப்ப காலைல பதினோரு மணி" என்றாள்.

(இல்லை. ஹேசல் சொன்னது, "ஒரு தடவை எடுத்த மாதிரி ஞாபகம்" என்பது மட்டும்தான். மாட்டாமல் திருப்பிக் கொடுத்ததும் பஸ்ஸும் பதினோரு மணியும் நான் சேர்த்தது. அடிக்க மனம் வரவில்லை.)

1743 ஆகஸ்ட். "தாமஸ், வில்லியம் ஃபியூஸ்டரின் மகன், குழந்தை." ஆறு வாரம் இருந்திருக்கிறது.

போன பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது இங்கேயும் உண்டு. மேகி தேடினாள். அடுத்த பிள்ளை இல்லை. மறு வருஷம் வில்லியமே அந்தப் பட்டியலில் இருந்தான்.

அப்படியானால் சண்டர்லேண்டுத் தாமஸ் யாரோ. அங்கேயும் எவனோ ஒருவன் சேணத்துக்கு மரம் செதுக்கியிருக்கிறான். தொழிலால் வந்த பெயர் அப்படித்தான். வேலை இருந்த ஊரிலெல்லாம் தனித்தனியே முளைக்கும். ஊருக்கு ஊர் ஆசாரி இருந்ததால் எல்லா ஆசாரியும் அண்ணன் தம்பியா? வரைபடத்தின் இரண்டு கொத்துகளுக்கும் நடுவே நெவில் கட்டியிருந்த நூலுக்கு அடியில் ஓர் ஆறு வாரக் குழந்தை மட்டும் கிடந்தது.

5

இங்கே நான் நெவிலைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

மறதிக்கார நெவிலை எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. பால்காரனுக்கு எழுதிவைத்த சீட்டில்கூட எழுத்துப்பிழை திருத்துகிற மனிதர். பிறகு ஒரு கோழை நெவில். தன் தப்பு வெளியே தெரியக்கூடாது என்று பயந்தவர். அவர் நான்கு பத்தி நடந்தார், அப்புறம் என்னைப் பார்த்து, "இதுவா நான்?" என்றார். கிழித்தேன். பிறகு நல்லவர்: ரானுக்காக, தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டவர். இவரைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. விதவைகள் எழுதுகிற கணவர்கள் எல்லோரும் கடைசியில் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள்.

மேகியிடமே கேட்கலாம். பக்கத்தில் படுத்திருந்தவள் அவள்தானே. அவள் சொல்வது: "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

6

முடிவுகள்.

மேகி சொல்லிவிடுகிறாள். ரான் சிரித்து, "அதனால என்ன அண்ணி, பேரு ஒண்ணுதானே" என்கிறார். இதை எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன். ஆனால் அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற ரானை ரயிலில் ஏற்ற வேண்டும். "வண்டி புறப்பட்டதும் ரான் தன் கைகளை—" இதற்குமேல் வரவில்லை.

அல்லது மேகி பேனாவை எடுத்து, பென்சில் மேல் மையால் எழுதிவிடுகிறாள். நெவிலின் கையெழுத்து அவளுக்கு வரும். ஆனால் அதற்கு, ஆறு வாரத்தில் போன ஒரு குழந்தையைத் தன் கையால் இருபத்தைந்து வயது வரைக்கும் வளர்த்துக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும். அது என்னால்— மேகியால் முடியாது.

எனக்கு வேண்டிய முடிவு வேறு. நெவில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மேகி கேட்கிறாள்: "ஏன் போய்ப் பார்க்கல?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொல்கிறார்: "

அவ்வளவுதான். அந்தக் குரலில் ஒரு வார்த்தை வரவில்லை. முப்பத்தொன்பது வருஷம் கேட்ட குரல். என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து நினைத்து நான் எழுதுவதெல்லாம் என் குரலிலேயே இருக்கிறது.

7

சனிக்கிழமை ரான் வந்தார். படியேறும்போது இரண்டு முறை நின்றார். மேகி அடக்கப் பதிவைப் படியெடுத்த காகிதம் அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை மடியில் இருந்தது.

"டீ நல்லாப் போடு அண்ணி. அங்க ஆஸ்பத்திரில குடுக்கறதை டீன்னு சொல்ல முடியாது."

"எந்த ஆஸ்பத்திரி?"

"நெஞ்சுல வால்வு மாத்தணுமாம். அடுத்த மாசம். ஒண்ணும் இல்ல, குழாய்க்கு வாஷர் மாத்தற மாதிரிதான்னு டாக்டரே சொன்னான். குழாயா இருந்தா நானே மாத்திக்குவேன்." சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு படிவத்தை எடுத்து, மேஜைமேல், தாமஸின் அட்டை இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் விரித்தார். "இது ஒண்ணு கேக்கறானுங்க. ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு. முன்னாடியெல்லாம் இந்தக் கட்டத்தைச் சும்மா விட்டுருவேன். நர்ஸ் பொண்ணுங்க ஒரு மாதிரி பார்க்கும். இந்தத் தடவை உன் பேரைப் போட்டிருக்கேன். பரவால்லயா?"

"பரவால்ல."

"நெவில் இருந்தா நெவிலைப் போட்டிருப்பேன். இப்ப அடுத்த கட்டத்துல என்ன உறவுன்னு கேக்குது. பங்காளியோட சம்சாரம்னு போட எடம் பத்தாது. நீ படிச்சவ. என்ன போடலாம், சொல்லு."

வாசகரே, நான் பார்த்தது இதுவரைக்கும்தான். இதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். நடந்ததா என்றும் சொல்ல மாட்டேன். கட்டம் ஓர் அங்குல நீளம் இருக்கும். பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் ஒரே ஒரு சொல்தான் அதில் பிடிக்கும். ரான் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு மேகியின் முகத்தைப் பார்க்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். என்ன சொல்வாள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியலாம். சொல்லிவிடுங்கள், அவர் காத்திருக்கிறார்.