ஐந்து கிலோ சந்தேகம்

தாழையடி பொறியியல் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தள ஆண்டை முடிக்க வேண்டுமானால், ஏப்ரல் கடைசிக்குள் ஐந்து கிலோ சந்தேகம் வைத்திருக்க வேண்டும். ஒன்றாக இருந்தாலும் சரி, பலவாக இருந்தாலும் சரி, மொத்த எடைதான் பார்ப்பார்கள். ஆனால் சொந்தச் சந்தேகமாக இருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் மூன்றாம் பக்கத்திலேயே இது அச்சாகியிருந்தது.

ஜெப்சி அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். ஒருமுறை படித்தால் அவளுக்கு எதுவும் மறக்காது. உடன்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் அம்மா ரோசம்மாள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஊரில் யார் எந்த கைடைப் பிரதி எடுக்க வந்தாலும் ஜெப்சிக்கு ஒன்று கூடுதலாக வந்துவிடும். அவற்றை வரி மாறாமல் மனப்பாடம் செய்துதான் பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். பதினெட்டு வயதுக்குள் அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

காலையில் கணக்கும் இயற்பியலும் நடக்கும். மதியம் குறிப்பெடுக்கவும் அறிக்கை எழுதவும் பயிற்சி. மாலை நேரம் சந்தேகம் வளர்ப்பதற்கு. சந்தேகங்கள் பெரும்பாலும் நோட்டின் ஓரத்தில்தான் பிறக்கும் என்பதால், எல்லோரும் பக்கத்தின் இடது பக்கம் நான்கு விரல் இடம் விட்டு எழுதினார்கள். பிறந்ததும் உள்ளங்கைச் சூட்டில் வைத்து அறைக்குக் கொண்டுபோக வேண்டும். தினமும் அதற்குப் படித்துக் காட்ட வேண்டும், அளந்து காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் காய்ந்துவிடும். முழு விடையும் கிடைத்துவிட்டால் செத்துவிடும்.

ஜெப்சியின் ஓரத்திலும் பிறக்காமல் இல்லை. ஆனால் அது கண் திறப்பதற்குள் அவளுக்குக் கைடின் விடை ஞாபகத்துக்கு வந்துவிடும். அடுத்த வரி எழுதுவதற்குள் நசுங்கிய கொசுபோலத் தாளில் ஒட்டிக்கிடக்கும். டிசம்பர் வரைக்கும் அவள் கையில் ஒரு கிராம்கூட இல்லை.

அறைத்தோழி ஹமீதாவுக்கு அப்போதே ஆறரைக் கிலோ. மேலப்பாளையத்துக்காரி. ஓடுகிற மின்விசிறி சில சமயம் பின்னால் சுற்றுவதுபோல் ஏன் தெரிகிறது என்று முதல் வாரமே கேட்டுவிட்டாள். அந்தச் சந்தேகம் எருமைக்கன்று அளவுக்கு வளர்ந்து அவள் கட்டிலில் படுத்திருந்தது. ஹமீதா கீழே பாய் விரித்துத் தூங்கினாள்.

"எனக்கு எதுவுமே புரியாம இல்லையேட்டி, நான் என்ன செய்ய?" என்றாள் ஜெப்சி.

"புரியாதது வேற, சந்தேகம் வேற," என்றாள் ஹமீதா, கன்றின் முதுகைத் துடைத்துக்கொண்டே. "எனக்குக் கூடத்தான் நெறைய புரியல. அதுக்கெல்லாம் எடையே இல்ல."

பொங்கல் விடுமுறைக்கு ஜெப்சி ஹமீதாவின் சந்தேகத்தை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். பேருந்தில் அதற்கு அரை டிக்கெட் கேட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் ரோசம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கொண்டா, ஜெராக்ஸ் போட்டுத் தாரேன்."

கன்றை இயந்திரத்தின் மேல் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தாள். பிரதி தெளிவாகவே வந்தது. வால் முடிகூட விடுபடவில்லை.

கல்லூரியில் எடை பார்க்கும் அமலோற்பவம் மேடம் அதைத் தராசில் வைத்தார். முள் நகரவில்லை. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"இது பேப்பர்மா," என்றார். "ஏப்ரலுக்குள்ள கொண்டு வரலேன்னா இந்த வருஷத்தையே மறுபடியும் படிக்கணும். தெரியுமில்ல?"

தெரியும். அதுவும் மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தது. அன்று மாலை ஜெப்சி குளியலறைக்குப் போய் வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பாதி வாளியில் தண்ணீர் நின்றுபோனது.

விடுதியில் இது புதிதல்ல. கீழே இரண்டாவது மாடியில் யாராவது குழாயைத் திறந்தால் மூன்றாவது மாடியில் நின்றுவிடும். வேகமும் அழுத்தமும் பற்றிய பெர்னோலி தேற்றம் அவளுக்கு எட்டு மதிப்பெண்ணுக்கும் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே குழாயை மூடும் சத்தம் கேட்டது. ஆனால் மேலே தண்ணீர் வரவில்லை. நான்கு நிமிடம் கழித்துத்தான் வந்தது. தேற்றத்தில் நான்கு நிமிடம் என்று எங்கேயும் இல்லை.

வாளியின் விளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு ஏதோ உட்கார்ந்திருந்தது. நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. ஜெப்சி அதைப் பார்த்துத் தேற்றத்தை முதலிலிருந்து சொன்னாள். அது முழுவதையும் கேட்டது. கேட்டுவிட்டு அங்கேயே இருந்தது.

அவள் அதைச் சோப்புப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. ஹமீதா இரண்டாவது மாடியில் நின்று குழாயைத் திறந்து மூடுவாள், ஜெப்சி மேலே கைக்கடிகாரத்தோடு நிற்பாள். ஒரு நிமிடம் திறந்து மூடினாலும் நான்கு நிமிடம், பத்து நிமிடம் திறந்து மூடினாலும் நான்கு நிமிடம். வரைபடத்தாளில் குறித்துப் பார்த்தால் கோடு படுத்தே கிடந்தது. அறிக்கை எழுதும் வகுப்பில், 'தெரிந்தது' என்ற தலைப்பின் கீழ் அரைப் பக்கமும், 'தெரியாதது' என்ற தலைப்பின் கீழ் பதினோரு பக்கமும் எழுதினாள். பிப்ரவரியில் சந்தேகம் சோப்புப் பெட்டிக்குள் அடங்கவில்லை. மார்ச்சில் வாளியில் உட்கார்ந்தது. ஏப்ரல் இரண்டாவது வாரம் நான்கு கிலோ முந்நூறு கிராம் இருந்தது.

அது ஐந்து கிலோவைத் தொட்டு, எடை போட இரண்டு நாள் இருக்கும்போது வார்டன் பிளம்பர் சங்கரபாண்டியை வரவழைத்தார். மூன்றாவது மாடியில் தண்ணீர் நிற்பதாக யாரோ புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். அவர் ஸ்பேனரோடு மொட்டைமாடிக்கு ஏறும்போது, ஹமீதா ஜெப்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போவாத. அவரு பாட்டுக்குச் சரி பண்ணிட்டுப் போவட்டும். காரணத்த மட்டும் காதுல வாங்கிராத. ரெண்டு நாள்தானேட்டி!"

ஜெப்சி அறையிலேயே இருந்தாள். மேலே குழாயைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் இப்போது எதைப் பார்க்கிறார்? எந்த இடத்தில் தட்டுகிறார்? வாளியில் இருந்ததும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.

"அண்ணாச்சி, ஏன் நிக்குது?"

சங்கரபாண்டி அவளையும் வாளியையும் மாறிமாறிப் பார்த்தார். "சொன்னா இது செத்துப்போயிருமே. என் தங்கச்சி மவனுக்கு அப்படித்தான் போச்சு."

"சொல்லுங்க, அண்ணாச்சி. தெரியாம என்னால இருக்க முடியல."

அவர் சுவரோரமாகக் கைகாட்டினார். தொட்டியிலிருந்து வரும் குழாய் அங்கே ஒரு திண்டின்மேல் ஏறி இறங்கியது. "இந்த மேட்டுல காத்து மாட்டிக்கிடுது. கீழ திறக்கையில தண்ணி அங்கிட்டு இழுத்துரும், இங்க காத்து நிக்கும். அது நகந்து போவணும். அதான் நாலு நிமிசம்."

வாளிக்குள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. சந்தேகம் பக்கவாட்டில் சாய்ந்தது. அதன் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஜெப்சி குனிந்து அதன் தலையில் கைவைத்தாள். குளிர்ந்திருந்தது. அதற்காக அழ வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அவள் கண் அதற்குள் குழாயின் மேட்டுக்குப் போயிருந்தது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் திறந்தா கொஞ்சம் காத்துதான் நிக்கும். பத்து நிமிசம் திறந்தா நெறைய நிக்கும். ரெண்டும் நகந்து போவ எப்படி ஒரே நாலு நிமிசம் ஆவும்?"

சங்கரபாண்டி ஸ்பேனரைக் கீழே வைத்தார். மேட்டைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"முப்பது வருசமா குழாய் மாட்டுதேன். அதை நான் கேட்டதில்லியே," என்றார்.

ஜெப்சி தூக்கிய வாளியின் கைப்பிடி எடை தாங்காமல் அறுந்தது. உள்ளே செத்ததன் இடத்தில் புதிதாக மூன்று பேர் இருந்தார்கள். அவர் காலடியிலும் சிறியதாக ஒன்று ஈரமாக நின்றது. அது தன்னுடையது என்று சொல்லி, கருவிப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். குழாயைச் சரி செய்யாமலே இறங்கிப் போனார்.

ஜெப்சியின் மூன்றும் சேர்ந்து ஒன்பது கிலோ நூறு கிராம் இருந்தன. அமலோற்பவம் மேடம் பதிவேட்டில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றின் தலையையும் ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

ஜூனில் அவளுக்குச் சிவில் பிரிவில் இடம் கிடைத்தது. அலுவலகத்தில் நேர அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்குக் கீழே இன்னொரு செவ்வாய்க்கிழமை இருந்தது.

"வியாழக்கிழமையை இந்த வருஷம் மெக்கானிக்கல் பிரிவுக்கு ஒதுக்கிட்டோம்," என்றார் எழுத்தர். "அதுக்குப் பதிலா சிவிலுக்கு இது."

"லேப் எந்தச் செவ்வாய்க்கிழமை, சார்?"

"ரெண்டாவது."

ஜெப்சி அதைக் குறித்துக்கொண்டாள். வெளியே வந்து, முதல் செவ்வாய்க்கிழமை பேசுவதாக அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். அன்றைக்குக் கடையில் கூட்டம் இருக்கும், இரண்டாவதில் பேசு என்றாள் ரோசம்மாள்.